இரண்டு மாஃபி

வளைகுடாவில், நஜ்மா பகுதியில் நாங்கள் குடியிருந்த பழைய கட்டடத்தை இடித்துத் தள்ளிவிட்டார்கள். நேற்று அங்கே போனபோது, புதிதாகக் கட்டும் சுவரின் ஈரச் சிமெண்ட் வாசனை மூக்கில் ஏறியது.

சின்ன வயதில் அந்தப் பழைய கட்டடத்தின் பின்பக்கம்தான் எதிர் ஃபிளாட் ஜஸ்லீன், என் வகுப்புக்காரி, பத்தாவது சீக்கிய குருவின் சின்னப் பிள்ளைகள் இருவரை, பணிய மறுத்ததற்காக உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டிய கதையை எதுகை போட்டுச் சொல்லிக்கொண்டே, என்னையும் என் ஐந்து வயதுத் தம்பியையும் நிற்கவைத்து, நிஜச் செங்கல்லையே சுற்றி அடுக்குவாள்.

"ஈட் பே ஈட், ஹோ கயீ காஃபி, அப் தோ மாங்கோ மாஃபி!"

செங்கல் மேல் செங்கல், போதும், இப்போதாவது மன்னிப்புக் கேள். நாங்கள் "நஹீ!" என்று கத்த வேண்டும்; அடுத்த வரிசை ஏறும்.

அன்று கல் மார்புக்கு வந்ததும் தம்பி வீராப்பாக, "மாஃபி!" என்று கத்தினான். அவனுக்குத் தெரிந்தது, மூலைக்கடை அரபிக்காரர் மிட்டாய் இல்லையென்று கைவிரித்துச் சொல்லும் மாஃபி; அரபியில் 'இல்லை'.

"குருவோட பிள்ளை கெஞ்சுவானா? இவன் என்ன சொன்னான்?" என்று ஜஸ்லீன் ஹிந்தியில் என்னிடம் கத்தினாள்.

இரண்டு மாஃபியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவள் கையிலிருந்த கல் என் பக்கம் திரும்பிவிடுமோ என்று வாயே திறக்கவில்லை.

அந்தக் கல் பட்டுத் தம்பியின் புருவம் பிளந்தது.

அந்தத் தழும்பிடம் ஹிந்தி மாஃபியை நான் இன்னும் கேட்கவில்லை.