முன்கூட்டியே கேட்ட பாடங்கள்

எழுபதுகளின் நடுவில், மேலகரத்தை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் நான் உதவி ஆசிரியர். எங்கள் பள்ளிக்கும் நவீன சாதனம் ஒன்று வந்து சேர்ந்தது. கறுப்புத் தோலுறை போட்ட வானொலிப் பெட்டி. வாரம் ஐந்து நாளும் பிற்பகல் இரண்டரை மணிக்கு ஒலிபரப்பாகும் பள்ளிப் பாடத்தை மாணவர்கள் கேட்க வேண்டும், கேட்டதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று சுற்றறிக்கை.

தலைமையாசிரியர் பெட்டியை வாங்கிய அன்றே தன் பழைய வேட்டி ஒன்றில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி அவர் இடுப்புக்குப் போனது. ஆனியிலும் ஆடியிலும் குற்றாலத்துச் சாரல் எங்கள் வகுப்பறைக்குள்தான் விழும். போதாததற்கு ஜன்னலில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருள் கெட்டால் பதில் சொல்ல வேண்டும். பயன்படுத்தாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அவருடைய கணக்கில் பிழை இல்லை.

பதிவேடு மட்டும் காலியாக இருக்கக் கூடாது. அது என் பொறுப்பு. மாதத்துக்கான நிகழ்ச்சி விவரம் அச்சிட்ட சிறு புத்தகமாகத் தபாலில் வந்துவிடும். அதைப் பார்த்து, முதல் தேதியன்றே கடைசித் தேதி வரைக்கும் எழுதி முடித்துவிடுவேன். பாடத்தின் தலைப்பு, கேட்டவர் முப்பத்தெட்டு, குறிப்பு: ‘மாணவர்கள் ஆர்வமாகக் கேட்டனர்.’ செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ‘சில ஐயங்கள் எழுப்பினர்’ என்று சேர்ப்பேன். எல்லா நாளும் ஒன்றுபோல் இருந்தால் நம்ப மாட்டார்கள்.

தலைமையாசிரியர் ஒரு ஜூலை மாத இறுதியில் ஓய்வு பெற இருந்தார். ஓய்வூதியக் காகிதங்கள் தென்காசி அலுவலகத்தில் நகர்ந்துகொண்டிருந்தன. அந்த நிலையில் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தால் போதும், காகிதம் நின்ற இடத்திலேயே வருடக்கணக்கில் நிற்கும். அந்த மாதம் முழுவதும் அவர் இருமுவதற்குக்கூட யோசித்தார்.

நான்தான் கெடுத்தேன். மாத நடுவில் ஒரு பெரிய தலைவர் காலமாகி, பள்ளிக்கு ஒரு நாள் விடுமுறை விட்டார்கள். நான் நிம்மதியாக வீட்டில் தூங்கினேன். பதிவேடு எனக்கு நினைவுக்கே வரவில்லை.

மாதக் கடைசி வாரத்தில் பள்ளித் துணை ஆய்வாளர் ஆண்டாய்வுக்கு வந்தார். எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளுக்கு மேலதிகாரிகள் குற்றால சீசனில்தான் வருவார்கள். மார்ச்சில் ஒருவரும் எட்டிப்பார்த்ததில்லை. இவரும் தலையில் எண்ணெய், தோளில் துண்டு என்று குளிக்கத் தயாராகத்தான் வந்தார். ஆனால் அன்று அருவியில் தண்ணீர் குறைவு என்று யாரோ சொல்லிவிட்டதால் அவருக்கு நேரம் நிறைய இருந்தது. வருகைப் பதிவேட்டையும் வானொலிப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

“லீவு அன்னைக்கு முப்பத்தெட்டுப் புள்ளைய பாடம் கேட்டிருக்காவ,” என்றார். “எங்கன வச்சுக் கேட்டாவ?”

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலில் இருந்த குரங்கைப் பார்த்தேன்.

ஆய்வாளர் மூன்றாம் வகுப்புக்குள் நுழைந்து, தலைவர் இறந்த அன்றைக்கு ரேடியோவில் என்ன கேட்டீர்கள் என்று விசாரித்தார். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி தயங்காமல் எழுந்தாள். “எங்க வீட்டு ரேடியோல அன்னைக்குப் பூரா சோகமா பீப்பீதான் ஊதுனாவ சார். எங்க அம்மை அமத்திட்டா.”

அடுத்து பெட்டியை எடுக்கச் சொன்னார். வேட்டியைப் பிரித்தபோது, கடையில் இருந்து அப்போதுதான் வந்ததுபோல் பளபளத்தது. பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

“பாட்டரிக்கட்டை எங்க?”

“கசிஞ்சு பெட்டிய அரிச்சிரும்னு போடல சார்,” என்றார் தலைமையாசிரியர்.

ஆய்வாளர் பேனா மூடியைக் கழற்றினார். தலைமையாசிரியரின் முகம் சுண்ணாம்புச் சுவர்போல் ஆகிவிட்டது. முப்பது வருடம் பொருள் எதையும் கெடுக்காத மனிதர், நான் எழுதிய ஒரு வரியால் கெடப்போகிறார். அப்போதுதான் அந்தப் பக்கத்தின் அடியில் என் கண் போனது. பதிவேட்டை ஆய்வாளர் பக்கம் மெதுவாகத் தள்ளினேன்.

“கீழ உங்க கையெழுத்தும் இருக்கு சார். நாலாந்தேதி போட்டது.”

முப்பத்தோராம் தேதி வரைக்குமான பதிவுகளுக்குக் கீழே, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று நான்காம் தேதியிட்ட அவருடைய கையெழுத்து, பச்சை மையில்.

“நாலாந்தேதி நான் எதுக்கு வந்தேன்?”

“அன்னைக்கு ஐந்தருவியில தண்ணி நல்லா விழுந்துது சார்,” என்றார் தலைமையாசிரியர், மிகுந்த மரியாதையுடன்.

நடைமுறை எனக்குத் தெரியும், ஆய்வாளருக்கும் தெரியும். தவறான பதிவுக்கு எங்களிடம் விளக்கம் கேட்கலாம். கேட்டால், சரிபார்த்தவரிடமும் கேட்க வேண்டும். இன்னும் வராத நாட்களை முன்கூட்டியே சரிபார்த்தவர் தமக்குத் தாமே கடிதம் எழுதி, உரிய வழியாக அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பமிட்டு, பதினைந்து நாளுக்குள் பதிலும் தர வேண்டும். ஆய்வாளர் ஆய்வுக் குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, ‘வானொலிப் பெட்டி மிக நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதினார். அது உண்மையும்கூட. டீ குடித்துவிட்டுத் துண்டோடு கிளம்பினார்.

முப்பத்தோராம் தேதி பிற்பகல் தலைமையாசிரியர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். மடியிலிருந்து நான்கு பாட்டரிக்கட்டைகளையும் எடுத்தார். சொந்தச் செலவில் வாங்கியவை.

“இது பேசுமா, வே? ஒரு தரம் பாத்துருவோம்.”

இரண்டரை மணிக்கு முள்ளை எந்தப் பக்கம் திருப்பினாலும், செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மலையாளம்தான் வந்தது. முப்பத்தெட்டுப் பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். பீப்பீ சிறுமி மட்டும், “தேங்கா வெல சொல்லுதாவ சார்,” என்று மற்றவர்களுக்கு விளக்கினாள். தலைமையாசிரியர் முழங்காலில் கை வைத்து, கடைசித் தேங்காய் வரைக்கும் கேட்டார்.

“நல்லாத்தான் பேசுது,” என்றார். பிறகு கட்டைகளைக் கழற்றி, பெட்டியை வேட்டியில் சுற்றி, சாவியை என்னிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பதிவேட்டைத் திறந்தேன். அன்றைய வரி முதல் தேதியிலேயே எழுதி முடிந்திருந்தது: ‘விதை பரவும் விதம். முப்பத்தெட்டு. மாணவர்கள் ஆர்வமாகக் கேட்டனர்.’ தேங்காயும் விதைதானே என்று ஒரு எழுத்தைக்கூட அடிக்காமல் மூடி வைத்தேன்.