அழிக்கக் கூடாத மை

சித்தப்பா சலவைக் கடையைச் சித்தியிடம் விட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியது ஒரு புதன்கிழமை. ஓட்டல் விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் நாள். பஸ் நகர்ந்த பிறகும் கடைக்குப் போன் போட்டு, காலர்களை ஊற வைத்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் அவருக்கும் எனக்கும் நடுவே அவர் மகள். வீட்டில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவது வாலு என்றுதான். நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன்.

"காத்தாடி மறுபடி எப்பப் பறக்கப் போகுது?" என்றார் சித்தப்பா என்னிடம். எனக்கு அவர் வைத்த பெயர் அது.

வாலுவுக்கு இடுப்பெலும்பில் புற்றுநோய். மருந்தில் கட்டி சுருங்கியிருந்தது. மிச்சத்தை வெட்டி எடுக்க முடியாத இடம் என்பதால், அதை மட்டும் குறிவைத்துக் கதிர் பாய்ச்சப் போகிறார்கள். கட்டியில் துளி மிஞ்சினாலும் பிள்ளை நமக்கில்லை.

முதல் நாள் கதிர் இல்லை. அவளை அசையாமல் படுக்கவைத்து, ஸ்கேன் எடுத்து, இடுப்பில் பேனாவால் அடையாளம் போட்டார்கள். மெஷின் அறையில் வேலை செய்யும் பெண், இதெல்லாம் அழியக் கூடாது என்றாள். சித்தப்பா தலையாட்டினார்.

நான் டீ வாங்கப் போயிருந்தபோது, நாங்கள் தங்கியிருந்த லாட்ஜ் அறையில் அவர் மகளுக்கு உடம்பு துடைத்துவிட்டிருக்கிறார். பேனாவால் போட்ட சிலுவைக் கோடுகளில் துணி படவே இல்லை. ஓரத்தில் மட்டும் ஒரு சின்னப் புள்ளி. காலமெல்லாம் கறை பார்த்த கண், அது தவறி விழுந்த மை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பையில் எப்போதும் வைத்திருக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுச் சுவடில்லாமல் எடுத்துவிட்டார்.

மறுநாள் அந்தப் பெண் குனிந்து தேடினாள். "இங்க ஒரு புள்ளி இருந்துச்சே?"

"அது சிந்தின மைம்மா. நான்தான் எடுத்தேன்" என்றார் சித்தப்பா, பாராட்டுக்குக் காத்திருப்பவர் போல.

மெஷினைக் குறிவைக்க அந்தப் புள்ளியும் வேண்டுமாம்; அன்று சிகிச்சை நின்றது. மறுபடி ஸ்கேன். இம்முறை ஊசியால் குத்தி, அழியாத புள்ளிகள். ஒரு நாள் தள்ளிப்போனதால் கெடுதல் இல்லை என்று டாக்டர் சொன்னது சித்தப்பா காதில் ஏறவில்லை.

"ஒரு புள்ளிக்கு இவ்வளவா? அப்ப நான் எடுத்த புள்ளி எதைக் காட்டுச்சு?" என்று தாழ்வாரத்தில் என்னைக் குடைந்தார். விளக்க ஆரம்பித்தேன். பாதியில் எனக்கும் நூல் அறுந்துபோனது.

அடுத்த நாள் முதல் கதிர் முடிந்து வாலு வெளியே வந்தாள். "சுடல, வலிக்கல. மெஷின் சும்மா சுத்திக்கிட்டே இருக்குப்பா, இந்த அக்கா மாதிரி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சூடு இல்லை, தேய்ப்பு இல்லை, தண்ணீர்கூட இல்லை. எதுவுமே இல்லாமல் உள்ளே இருக்கிற ஒன்று எப்படிப் போகும்? சிகிச்சை முடியும்வரை அந்த இடுப்பில் துண்டு படவே அவர் விடவில்லை.

பிறகு நான் மறுபடி ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டேன். ஒரு வருடத்துக்கும் மேலாகி, ஏதோ ஒரு ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றபோது சித்தப்பாவிடமிருந்து செய்தி வந்தது.

"காத்தாடி, ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலையாம். டாக்டர் சிரிச்சாங்க, உங்க சித்தி அழுவுறா. தெரியலைன்னா சுத்தமாப் போயிடுச்சுன்னு அர்த்தமா, இல்ல கண்ணுக்குத் தெரியலைன்னு மட்டும்தானா? துணின்னா நான் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துருவேன். நீ கேட்டுச் சொல்லு."