எழுபது நொடி பழைய கடல்

படகு கவிழ்ந்த சத்தத்தை முதலில் கேட்டேன். கவிழ்ந்ததைப் பிறகுதான் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் எழுபது நொடி இருந்தது. அந்த எழுபது நொடியைச் செய்து வைத்தவள் நான்.

படகில் இருந்தவன் என் மகன் விக்னேஷ். உயிரோடு இருக்கிறான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்போது எனக்கே அதை அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வீடியோ பிளேயர் வேலைக்கு வரும் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

1. ராட்டினம்

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவள் நான். கோட்டைக்குப்பம் என்ற மீனவ ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் வேலையை விடவில்லை. சென்னையில் ஒரு கம்பெனி. படம் காட்டும் வெப்சைட்டுகளுக்கு பிளேயர் சப்போர்ட் செய்வது எங்கள் வேலை. பதிமூன்று வருடம் ஆகிறது. கடைசி சில வருடங்களாக வீட்டிலிருந்தே பார்க்கிறேன்.

முதல் நாள் எனக்கு வந்த புகார், "மேடம், படம் சுத்திக்கினே கீது" என்பதுதான். என் டீம் லீடர் என் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து, F12 அழுத்தி, எது எப்போது வந்து சேர்ந்தது என்று காட்டும் நெட்வொர்க் டேபைத் திறந்தார். "கஸ்டமர் சொல்றதைக் காதுல வாங்கிக்கோங்க. நம்பறதை இங்க பாத்து நம்புங்க" என்றார்.

பிரவுசரில் படம் ஒரே ஓட்டமாக வருவதில்லை. துண்டு துண்டாக வருகிறது. ஒவ்வொன்றும் சில நொடிப் படம். அதற்கு செக்மென்ட் என்று பெயர். எதற்குப் பின் எது என்று சொல்லும் சீட்டுக்கு பிளேலிஸ்ட் என்று பெயர். எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், மீன் பெட்டி பெட்டியாக வருகிறது, கூடவே ஒரு சீட்டும் வருகிறது. முதல் பெட்டி வந்ததும் பிரவுசர் அதைத் திறந்துவிடாது. மூன்று பெட்டியாவது சேர வேண்டும். அடுத்தது வரத் தாமதமானாலும் கையில் சரக்கு இருக்குமே, அதற்காக. அந்தக் கையிருப்புதான் பஃபர். அது தீர்ந்தால் திரையின் நடுவில் வட்டம் சுற்றும்.

எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. இன்று எத்தனை முறை வட்டம் சுற்றியது என்பது மட்டும் அதில் வரும். அந்த எண்ணைக் குறைப்பவர் நல்ல எஞ்சினியர். படம் எவ்வளவு தாமதமாக வருகிறது என்று யாரும் அளந்ததில்லை. சினிமா பார்ப்பவருக்கு ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனால் என்ன?

அந்த அளவுகோலைத்தான் நான் கடலுக்குக் கொண்டுபோனேன்.

2. முகத்துவாரம்

எங்கள் ஊரை ஒட்டிய ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் ஓர் இடத்தில் நிற்காது. கடலுக்குப் போன படகு திரும்பி வரும்போது வெளியே ஆழத்தில் காத்திருந்து, பெரிய அலைகள் மூன்று நான்கு உடைந்து ஓய்ந்ததும், அடுத்த கூட்டம் வருவதற்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். இடைவெளி ஒரு நிமிடம் இருக்கலாம், ஒன்றரை இருக்கலாம். கடல் பக்கமிருந்து பார்த்தால் அலையின் முதுகுதான் தெரியும். எங்கே உடைகிறது என்பது கரையில் நிற்பவருக்குத்தான் தெரியும். அதனால் தினம் ஒரு படகுக்காரர் முறைவைத்துக் கரை மணலில் சிவப்புத் துண்டோடு நிற்பார். துண்டு மேலே இருந்தால் நில். கீழே இறக்கினால் வா.

மீனவர் சங்கத்தார் முகத்துவாரத்தில் கம்பம் நட்டு, சோலார் தகடு வைத்து, ஒரு கேமரா மாட்டினார்கள். காலையில் கடல் எப்படி இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளத்தான் அது. சங்கத் தலைவர் என்னிடம் வந்தார். "வூட்ல குந்திக்கினுதானே வேல பாக்கற. இதையும் கொஞ்சம் பாரும்மா" என்றார். நானும் சந்தோஷமாக ஒரு பேஜ் செய்து கொடுத்தேன். படத்தின் மூலையில் சிவப்பு எழுத்தில் 'லைவ்' என்று போட்டேன்.

இரண்டாம் நாளே ஏழுமலை மாமா வாசலில் வந்து நின்றார். என் கணவரின் அண்ணன். விக்னேஷ் அவருடைய படகில்தான் போகிறான்.

"இன்னாம்மா உன் கேமரா? கடலு தெரியும்னு பாத்தா ராட்டினம்ல சுத்துது!"

நெட்வொர்க் டேபைப் பார்த்தேன். அந்தப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும். ஆறு நொடி செக்மென்ட் சில சமயம் பத்து நொடி கழித்து வந்தது. கையிருப்பைக் கூட்டினேன். ஆறு நொடியைப் பத்து நொடியாக்கி, நான்கு செக்மென்ட் சேர்ந்த பிறகே ஓடும்படி செய்தேன். சுற்றுவது வெகுவாகக் குறைந்தது.

அடுத்த வாரம் வேறு புகார். "தாவுதும்மா. ஒரு அல ஒடையறதுக்குள்ள இன்னொரு அல வந்து நிக்குது." எப்போதாவது வட்டம் சுற்றி நின்றால், விட்ட நேரத்தைப் பிடிக்க பிளேயர் முன்னால் தாவும். அந்தத் தாவலையும் நிறுத்திவிட்டேன். இனி நின்றால், நின்ற இடத்திலிருந்தே தொடரும்.

அதன் பிறகு புகாரே இல்லை. சங்கத்தில் ஒரு பை நண்டு கொடுத்தனுப்பினார்கள்.

இதற்கு நடுவில் துண்டு முறை நின்றுபோயிருந்தது. கையில்தான் போன் இருக்கிறதே, வெயிலில் ஒருத்தன் எதற்கு நிற்க வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

3. தட்டையான தண்ணீர்

அன்று தெற்குக் காற்று. விடியற்காலையில் பிரவுசரில் திறந்து வைத்த கேமரா டேப் என் பெரிய மானிட்டரில் ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளை கடலில் இருக்கும் நாளெல்லாம் அதை மூட எனக்கு மனம் வராது. பத்து மணி வாக்கில் விக்னேஷ் போன் செய்தான்.

"மா, இங்க சிக்னல் ஒரு புள்ளிதான் கீது, படம் வரல. முகத்துவாரம் எப்டி கீதுன்னு பாத்துச் சொல்லு."

பார்த்தேன். மூன்று வெள்ளைக் கோடுகள் உடைந்து மணலில் ஏறின. பிறகு தண்ணீர் தட்டையானது.

"இப்பதாண்டா மூணு அல ஒடஞ்சிது. தட்டையா கீது. வா."

"பெரியப்பா, அம்மா வரச் சொல்லுது!" என்று அவன் கத்துவது கேட்டது. எஞ்சின் சத்தம் ஏறியது. போனை அணைக்காமல் பிளாஸ்டிக் கவரோடு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான் போல.

திரையில் தண்ணீர் தட்டையாகவே இருந்தது. படகைக் காணோம். ஏன் இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே போனில் மாமாவின் குரல்.

"டேய், தூக்குதுடா! திருப்பு, திருப்பு—"

பிறகு தண்ணீர்ச் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு கொக்கு மணலில் நடந்துகொண்டிருந்தது. நான் புடவைத் தலைப்பால் மானிட்டரைத் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று தெரியவில்லை.

பிறகு எங்கள் பச்சைப் படகு திரைக்குள் வந்தது. அணியத்தில், படகின் முன்முனையில், விக்னேஷ் ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் அலை எழுந்து வருவது எனக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை. என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். நான் கேட்டாயிற்று. ஆனாலும் "திரும்புடா" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். அவர்கள் வந்து நின்ற பிறகுதான் படகு கவிழ்ந்தது.

உள்ளே ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் படகில் இருந்த நான்கு பேரையும் இழுத்துக் கரை சேர்த்தார்கள். விக்னேஷுக்குக் காறை எலும்பு உடைந்தது. மாமா நிறையத் தண்ணீர் குடித்திருந்தார். படகின் அடி பிளந்துவிட்டது.

4. தனம் அக்கா கேட்டது

ஏழுமலை மாமாவின் மனைவி தனம் அக்கா மீன் விற்பவர். பொன்னேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்.

"பாத்துட்டுத்தானே வரச் சொன்ன?"

"பாத்துட்டுத்தான் சொன்னேன் அக்கா. லைவ்ல பாத்தேன்."

"அது இன்னா லைவு? எப்டி வருது, சொல்லு."

சொன்னேன். பெட்டி, சீட்டு, கையிருப்பு, நான் கூட்டியது எல்லாவற்றையும். அவருக்குப் புரிய வைப்பதற்காகச் சொல்லத் தொடங்கி, பாதியில் எனக்கே புரிந்தது: கையிருப்பு எவ்வளவு கூடுதலோ, படம் அவ்வளவு பழையது. அவர் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப ஐஸ் மீனை உசுரு மீனுன்னு வித்துக்கீற." கண்ணை என் முகத்திலிருந்து எடுக்காமல், "நானும் ஐஸ் மீனு விக்கறேன், சுமதி. ஐஸுன்னு சொல்லித்தான் விக்கறேன்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

5. அளந்தது

அன்றே அந்த பேஜை என்னைத் தவிர யாருக்கும் திறக்காதபடி மூடினேன். பலரும் மூட வேண்டாம் என்றார்கள், நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள், தனம் அக்காவைக் கேமராவுக்கு முன்னால் நிற்கச் சொன்னேன். கையில் ஒரு சிவப்புக் குடை. நான் வீட்டில் ஸ்டாப்வாட்சோடு, போனில்.

"தூக்கிட்டேன். தெரியுதா?"

"இல்ல அக்கா."

"இப்ப?"

"இல்ல."

"அடியே, கை கழண்டுக்கினு வருது! வர்றவன் போறவன்லாம் மழை எங்கன்னு கேக்கறான்!"

புதிதாகத் திறந்த டேபில் குடை தெரிய ஐம்பது நொடி ஆனது. அன்றைக்குப் போலவே விடியலில் திறந்து, பத்து மணி வரை ஓடவிட்ட டேபில் எழுபது. ஒவ்வொரு முறை வட்டம் சுற்றும்போதும் சில நொடி சேர்ந்துகொண்டே போயிருக்கிறது, தாவலை நான்தான் நிறுத்திவிட்டேனே. அலை ஓயும் இடைவெளியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நான் தட்டையான தண்ணீரைப் பார்த்து வா என்ற அந்த நேரத்தில், அங்கே அடுத்த அலைக் கூட்டம் கிளம்பிவிட்டது.

செக்மென்ட்டை இரண்டு நொடியாக்கினேன். நெட்வொர்க் டேபில் பத்து நொடிக்கு ஒன்றாகத்தான் வந்தது. செர்வரை மறுபடி ஓடவிட்டேன், சேர்த்து வைத்திருந்த பழைய துண்டுகளான கேஷை அழித்தேன், மாறவில்லை. ஒரு நாள் முழுக்கப் போனது. காரணம் கேமராவில் இருந்தது. கேமரா முழுப் படத்தை எப்போதாவதுதான் அனுப்பும். நடுவில் அனுப்புவதெல்லாம் முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பது மட்டுமே. அந்த முழுப் படத்துக்குக் கீஃப்ரேம் என்று பெயர். செக்மென்ட்டை அங்கே மட்டும்தான் வெட்ட முடியும். முன்பு ஆறைப் பத்தாக்கியபோது கேமராவையும் பத்து நொடிக்கு ஒரு கீஃப்ரேம் அனுப்பும்படி மாற்றியவள் நான்தான், அதை மறந்திருந்தேன். அதை இரண்டு நொடியாக்கிய பிறகுதான் பெட்டி சிறியதானது. படத்தின் அளவையும் குறைத்தேன். தாவலைத் திரும்பப் போட்டேன். கேமராவின் நேரத்தையும் பார்ப்பவரின் போன் நேரத்தையும் ஒத்துப் பார்த்து, படத்தின் மேலேயே வித்தியாசம் தெரியும்படி எழுதினேன். 'லைவ்' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது 'இது 9 நொடி பழைய கடல்' என்று இருக்கிறது. இருபதைத் தாண்டினால் படம் மறைந்து, பேஜ் வெறும் சாம்பல் நிறமாகிவிடும்.

வட்டம் திரும்பி வந்தது. தலைவரும் வந்தார்.

"மறுபடி சுத்துதேம்மா. மொதல்ல ஷோக்கா ஓடிக்கினு இருந்திச்சே."

"சுத்தட்டும் அண்ணே. சுத்தினா படம் வரலைன்னு உங்களுக்கே தெரியும். ஷோக்கா ஓடினப்ப தெரியலையே."

"அப்ப ஒம்போது நொடியையும் எடுத்துடேன்."

"எடுக்க முடியாதுண்ணே. அதனால இதைப் பாத்து யாரும் உள்ள வரக் கூடாது. துண்டு முறையைத் திரும்பப் போடணும். இல்லன்னா கேமராவைக் கழட்டிடுங்க."

சங்கக் கூட்டத்தில் இதையே எழுந்து நின்று சொன்னேன். பதில் வரும்வரை உட்காரவில்லை. படகில்லாமல் உட்கார்ந்திருந்த ஏழுமலை மாமாதான் முதலில் வாய் திறந்தார். "துண்டு துண்டா வர்ற படத்துக்கு, தோள்ல கீற துண்டே மேலுன்னு அதைச் செஞ்சவளே சொல்றா. அப்பால இன்னா பேச்சு?" சிரித்தார்கள். முறை திரும்பியது.

6. இப்போது

கற்றது இவ்வளவுதான். படம் நிற்காமல் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். இது எப்போது எடுத்த படம், இதை நம்பி யார் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். புகார் நின்றுவிட்டால், அது எதனால் நின்றது என்றும் பாருங்கள்.

எலும்பு கூடும்வரை விக்னேஷால் வலை இழுக்க முடியாது. இப்போது பலருடைய முறைக்கும் அவன்தான் மணலில் நிற்கிறான், ஒரு கை கழுத்தில் கட்டிய தூளியில், ஒரு கையில் துண்டு. நான் வீட்டில் டேபைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இன்று காலையும் போன் செய்தான்.

"மா, இறக்கிட்டேன். மூணு போட்டும் உள்ள வந்துக்கினு கீது. தெரியுதா?"

திரையில் அவன் கை இன்னும் மேலேதான் இருந்தது.

"இல்ல. போனை வைக்காத, இரு."

ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஒன்பதில் துண்டு இறங்கியது.