வேற்றுக் கிரகத்து அம்மன்

யுத்த காலத்தில் அரியலூர் வழியாகப் பட்டாளத்து ரயில்கள் போய்வந்துகொண்டிருந்தன. என் கணவர் அங்கே டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. தண்டவாளத்தை ஒட்டியிருந்த குவார்ட்டர்ஸில் நாங்கள் மூன்றே பேர்: அவர், நான், அவருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடும் அவர் சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தம்பியோடு வந்து இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. நான் பெரம்பலூர்க்காரி. திருச்சியில் மாமா வீட்டில் தங்கி எட்டாவது வரை இங்கிலீஷ் படித்திருந்தேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அண்ணியிடம் அதைக் காட்டியும் இருக்கிறேன்.

ஒரு மத்தியானம் சாப்பிட என் கணவர் கக்கத்தில் ஒரு புத்தகம் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"சோல்ஜர் எவனோ பெஞ்சுல விட்டுட்டுப் போயிட்டான். உனக்குத்தான் இங்கிலீஷ் வருமே, பாரு."

திறந்த வேகத்தில் மூடிவிட்டேன். முதல் பக்கத்திலேயே ஒரு பெண், மானத்தை மறைக்க இரண்டு துண்டுத் துணியோடு, ஒரு பாறையில் கட்டப்பட்டுக் கிடந்தாள். அவர் சாப்பிட்டுப் போகும்வரை அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பிறகு எடுத்தேன். அன்று சாயங்காலம்வரை கீழே வைக்கவில்லை.

இப்போது காமிக்ஸ் என்கிறார்கள். அன்று எனக்கு அதற்குப் பெயர் தெரியாது. பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாகப் படம், ஆட்கள் வாயிலிருந்து புகைபோல் எழும்பும் பேச்சு. கதை நட்சத்திரங்களுக்கு அப்பால் ஒரு கிரகத்தில் நடந்தது. அங்கே இரண்டு கூட்டம். ஒன்று பல்லித் தோல் கொண்ட பச்சை மனிதர்கள். மற்றது ஒரு கொடுங்கோல் ராஜாவின் ஜனங்கள். ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த இரண்டு கூட்டமும் பூமியை அழிக்க ஒன்று சேர்கின்றன. பொன்னிறத் தலைமயிர் கொண்ட ஒருவன் பறந்துபோய், தனி ஆளாக இரண்டையும் நொறுக்குகிறான். எனக்குத் தெரியாத வார்த்தைகள் நிறைய. ஆனாலும் நாலு தடவை படித்தேன். அவன் குத்தும்போதெல்லாம் என் கையும் மூடிக்கொண்டது.

மறுநாள் அண்ணி முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே பக்கங்களைப் புரட்டினேன். பச்சை மனிதர்களைப் பார்த்து அண்ணி சிரித்தார். பறப்பவனைப் பார்த்து, "இவனுக்கு வூட்டுல சோறு யாரு போடுறா?" என்று கேட்டார். ராஜாவின் கோட்டை வந்த பக்கத்தில் கீரையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏ புள்ள, இது யாரு?"

"கெட்டவன் அண்ணி. இந்தக் கிரகத்து ராஜா."

"ராஜா கெடக்கட்டும். அவனுக்குப் பின்னால நிக்கிறது யாரு?"

விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். சிம்மாசனத்துக்குப் பின்னால், மஞ்சள் வானத்தில் மூன்று நிலாக்களுக்குக் கீழே ஒரு சிலை. நாலு கை. ஒன்றில் சூலம், ஒன்றில் கபாலம். வெளியே நீண்ட நாக்கு. கால்மாட்டில் விளக்கு, பூ. சிலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டவர்கள் மாநிறத்து ஆட்கள். இடுப்பில் வேட்டி, தலையில் முண்டாசு, காதில் கடுக்கன். பெண்கள் எல்லாருக்கும் முன்கையில் பச்சை குத்தியிருந்தது. அண்ணியின் கையில் இருந்ததைப் போலவே.

"நம்ம மாரியாத்தா இல்ல?" என்றார் அண்ணி.

"இது வேற கிரகம் அண்ணி."

"வேற கெரகத்துல நம்ம ஆளுங்களுக்கு என்ன வேல?"

அடுத்த கட்டத்தில் பறப்பவன் அந்தச் சிலையையும் கும்பிட்ட ஜனங்களையும் சேர்த்துக் கொளுத்துகிறான். நாலு தடவை அந்த நெருப்பைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன். எரிந்தவர்களின் முகம் ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லை. எழுத்தே தெரியாதவர் ஒரே பார்வையில் கண்டதை இங்கிலீஷ் படித்த நான் எப்படிப் பார்க்காமல் போனேன்? எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் காலையில் இன்னொரு பட்டாளத்து ரயில் தண்ணீர் பிடிக்க நின்றது. வெள்ளைக்கார சோல்ஜர்கள் இறங்கி முகம் கழுவினார்கள். அண்ணி புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேரே தண்டவாளத்தைப் பார்த்து நடந்தார். தடுக்கப் பின்னால் ஓடியவள்தான் நான். ஆனால் பிடிப்பதற்குள் அவர் ஒருவன் முன்னால் போய் நின்றுவிட்டார். மூக்கெல்லாம் வெயிலில் உரிந்த சின்ன வயசுக்காரன்.

"கேளு புள்ள, எங்க சாமிய ஏன் கொளுத்துறாங்கன்னு கேளு."

வெள்ளைக்காரனிடம் நான் பேசிய முதல் இங்கிலீஷ் அது. முதுகு நனைந்துவிட்டது. தட்டுத்தடுமாறிக் கேட்டேன். அவன் படத்தைப் பார்த்துச் சிரித்தான். இது பூமியே இல்லை, வேறு கிரகம், வெறும் கதை என்றான். அண்ணியிடம் சொன்னேன்.

"வரைஞ்சவன் அந்தக் கெரகத்துக்குப் போயா பாத்துட்டு வந்தான்? இங்கதானே பாத்திருக்கான்?"

அதையும் சொன்னேன். அவன் மறுபடி படத்தைப் பார்த்தான். பிறகு அண்ணியின் கையில் இருந்த பச்சையைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. இந்த மாதிரி இருபது புத்தகம் தன்னிடம் இருப்பதாகவும், இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை என்றும் என்னிடம் மெதுவாகச் சொன்னான். எஞ்சின் ஊதியது. புத்தகத்தை இரண்டு கையாலும் அண்ணியிடம் கொடுத்துவிட்டு ஓடினான்.

மத்தியானம் என் கணவர் வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினார். "ஸ்டேஷன் மாஸ்டர் பாத்துட்டாரு. பட்டாளத்துக்காரன்கிட்டப் போயி வம்பு வளக்குறீங்களே, என் வேலைக்கு ஒல வச்சுட்டுத்தான் ஓய்வீங்களா?"

"ஒரு கேள்வி கேட்டோம் தம்பி. அதுக்கா வேல போயிடும்?" என்றார் அண்ணி.

அவர் புத்தகத்தைப் பிடுங்கி அடுப்பில் போடப் போனார். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இரு." அரிவாள்மனையில் வைத்து அந்தப் பக்கத்தில் சிலை நின்ற கட்டத்தை மட்டும் பதமாக அறுத்தெடுத்தார். மீதியை அண்ணியே அடுப்பில் போட்டார். அறுத்ததைச் சோற்றுப் பசை தடவிச் சாமி மாடத்தில் ஒட்டிக் குங்குமம் வைத்தார்.

"அண்ணி! அது இங்கிலீஷ்காரன் போட்ட பொம்மை. அதைப் போய்…"

"அதுக்குன்னு அங்கேயே எரிய விட்டுட்டு வரச் சொல்றியா?"

என் கணவர் இலை முன் உட்கார்ந்தார். நான் அந்த மாடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பழநி முருகனுக்கும் சமயபுரத்தாளுக்கும் நடுவில், மஞ்சள் வானமும் மூன்று நிலாக்களும் சூழ அவள் நின்றாள்.

அடுத்த மாதம் வாலிகண்டபுரத்தில் ஒரு சாவுக்கு அண்ணி போனார். விளக்கேற்றும் வேலை என் மேல் விழுந்தது. முருகனைக் கும்பிட்டேன். சமயபுரத்தாளைக் கும்பிட்டேன். நடுவில் நின்ற அவளிடம் வந்ததும் கை குவியவில்லை. அவள் எரிந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவள் நான். என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியாமல், திரி கருகும்வரை அங்கேயே நின்றேன்.