கொய்யாத் தோப்பில் தொங்கிய சிடிகள்

பண்ணைக்காட்டிலிருந்து டீச்சர் போன் செய்தபோது கொடைக்கானலில் என் கடையில் ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. மழையும் பனியும் மாறி மாறி அடிக்கும் ஊரில் எந்த மெஷினும் ஒழுங்காக இருக்காது என்பதால் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாளா உள்ள டக்கு டக்குன்னு சத்தம் வந்துச்சும்மா. இன்னைக்கு அந்தச் சத்தம் மட்டுந்தான் வருது. சமையக்கார அக்காவக் கூப்பிட்டுப் பாக்கச் சொன்னேன். கருப்புத் திரையில வெள்ளை எழுத்தா நிக்குதுங்குறாங்க."

டீச்சருக்குப் பார்வை கிடையாது. பார்வையற்ற பெண் பிள்ளைகளுக்காகப் பண்ணைக்காட்டில் இருக்கும் சின்ன விடுதி ஒன்றை அவர்தான் நடத்தினார். அங்கே ஒரு பிரெய்ல் அச்சு இயந்திரம் இருந்தது. தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தி, விரலால் படிக்கிற எழுத்தாக மாற்றித் தரும். அதை ஓட்டியது ஒரு பழைய டெஸ்க்டாப். அந்த வருடம் ஆறு பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத இருந்தார்கள். தை மாதம் பிறந்திருந்தது. பங்குனியில் தேர்வு.

மறுநாள் வெள்ளனே கிளம்பிப் போனேன். பெட்டியைத் திறக்கும் முன்பே சத்தத்தைக் கேட்டுத் தெரிந்துவிட்டது. ஹார்டு டிஸ்க் போய்விட்டது.

"பாடமெல்லாம் போச்சா?" என்று கேட்டேன்.

"மாசாமாசம் பென் டிரைவுல ஏத்தி வச்சிருக்கேன். அது பத்திரமா இருக்கு. மிஷின மட்டும் எந்திரிக்க வைங்க, போதும்."

அவர் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார். அந்தப் பெட்டியைப் பதினைந்து வருடங்களுக்கு முன் அங்கே கொண்டுபோய் மாட்டியவளே நான்தான். அப்போது வேறொருவர் கடையில் வேலைக்கு இருந்தேன். அந்த மாடலோடு கம்பெனி சிடி எதுவும் தரவில்லை. விண்டோஸும் மற்ற எல்லாமும் ஹார்டு டிஸ்கின் ஒரு ஓரத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். முதல் முறை ஆன் செய்தவுடன், 'இவற்றை இப்போதே சிடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்' என்று திரையில் ஓர் அறிவிப்பு வரும். என் கையில் அன்றைக்கு வெற்று சிடி இல்லை. கடைசி பஸ் வேறு போய்விடும். 'பிறகு நினைவூட்டு' என்பதை அழுத்திவிட்டுக் கிளம்பினேன். அந்தப் பிறகு வரவே இல்லை. ஒளித்து வைத்த இடமும் டிஸ்கோடு சேர்ந்து செத்துவிட்டது.

இதை டீச்சரிடம் அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் சுலபமான வழியைத்தான் தேடினேன். கடையில் இருந்த புதிய கம்ப்யூட்டர் ஒன்றை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனேன். அச்சு இயந்திரத்தின் பழைய தடித்த கேபிளுக்கு இப்போதைய கம்ப்யூட்டரில் இடம் இருக்காது. அதற்கென்று தனி கார்டு வாங்கிச் செருகினேன். இயந்திரம் பேசியது. ஆனால் அச்சு இயந்திரத்தோடு வந்த சிடியிலிருந்து ஏற்றிய பிரெய்ல் மென்பொருள் திறக்க மறுத்தது. கேபிளுக்கு நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டை இருக்கும். அதுதான் அந்த மென்பொருளுக்குப் பூட்டு. பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டில் அந்தக் கேபிள் எந்த இடத்தில் இருக்குமோ அங்கேதான் மென்பொருள் அந்தக் கட்டையைத் தேடும். புது கார்டில் அதற்கு வழி தெரியவில்லை. மென்பொருள் செய்தவர்கள் கடையை மூடி வெகுகாலம் ஆகியிருந்தது.

இப்போது இலவசமாகவே நல்ல பிரெய்ல் மென்பொருள் கிடைக்கிறது. அதையும் போட்டுப் பார்த்தேன். அச்சு வந்தது. ஆனால் டீச்சர் வருடக்கணக்கில் தட்டி வைத்திருந்த பாடங்கள் எல்லாம் பழைய மென்பொருளுக்கு மட்டுமே புரிகிற கோப்புகள். புதியது அவற்றைத் திறந்தால் குப்பையாக வந்தது.

"திரும்பத் தட்டுனா எத்தன நாளாகும் டீச்சர்?"

"அஞ்சு பாடம். பொழுதன்னைக்கும் உக்காந்தாலும் சித்திரை ஆகிரும்." "அதுக்குள்ள பரிச்சையே முடிஞ்சிரும்."

மதுரையில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் பழைய விண்டோஸான எக்ஸ்பியின் திருட்டு சிடி தருவதாகச் சொன்னார். டீச்சரிடம் கேட்டேன். "நல்லபடியா வாங்குன மிஷினும்மா. நல்லபடியாவே ஏத்துங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். உரிமம் இருந்தது உண்மை. அதன் எண் அச்சடித்த ஸ்டிக்கர் பெட்டியின் பக்கவாட்டில் இருந்தது. ஈரச் சுவரோடு உரசி உரசி எழுத்தெல்லாம் போய்விட்டிருந்தது. ஆனால் விண்டோஸை மறுபடி ஏற்றுகிற, கம்பெனியின் சொந்த ரெகவரி சிடி கிடைத்தால் எண்ணே கேட்காது. போர்டு தங்களுடையதுதானா என்று மட்டும் பார்த்துவிட்டு ஏறிக்கொள்ளும். ஆக, அதே போர்டு வேண்டும், அதே மாடலின் சிடி வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நடக்காது.

பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தேன். போர்டில் நான்கு கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி நின்றன. இன்னும் சில வாரங்களில் போர்டும் போயிருக்கும். நான்கையும் எடுத்துவிட்டு, கொஞ்சம் கூடுதல் சூடு தாங்குகிறவையாகப் பார்த்து வாங்கிப் பற்றவைத்தேன். பவர் சப்ளையையும் மாற்றினேன். அதற்குப் பிறகு டிஸ்க். பட்டைக் கேபிள் போடுகிற பழைய ஹார்டு டிஸ்க்குகள் திண்டுக்கல்லில் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நம் டிஸ்க்கைவிட அதிக வருடம் சுற்றிய கிழடு. அதை மாட்டினால் அடுத்த தேர்வுக்குள் இதே கதைதான். சுற்றுகிற பாகமே இல்லாத சின்ன எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, அதைப் பழைய பட்டைக் கேபிளோடு சேர்க்கும் அடாப்டரையும் வாங்கினேன். முதல் அடாப்டரை போர்டு கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவதை ஏற்றுக்கொண்டது.

இனி சிடிதான். கம்பெனியின் சேவை மையத்தில், அவ்வளவு பழைய மாடலுக்கு இப்போது தருவதில்லை என்று தன்மையாகச் சொன்னார்கள். அதே மாடலை வாங்கியிருக்கக்கூடிய லாட்ஜ், எஸ்டேட் ஆபீஸ், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். பாதிப் பேர் பெட்டியை எடைக்குப் போட்டிருந்தார்கள். மீதிப் பேருக்கு நான் என்ன கேட்கிறேன் என்பதே புரியவில்லை. கூப்பிட்டவர்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதி அடித்துக்கொண்டே வந்தேன். நான்காவது பக்கத்தில், என்னோடு முன்பு வேலை பார்த்து இப்போது பழனியில் கடை வைத்திருப்பவர் துப்பு கொடுத்தார்.

"அந்த மாடல் மொதல்ல வந்தப்ப சிடி போட்டுத்தான் கொடுத்தாங்க. அப்புறந்தான் நிப்பாட்டுனது. ஆயக்குடியில கொய்யா மண்டிக்காரர் ஒருத்தருக்கு மொத லோடுல ஒண்ணு மாட்டிக் கொடுத்தேன். அவர் எதையும் தூக்கிப் போட மாட்டாரு. போய்ப் பாருங்க."

மறுநாளே பழனி பஸ் பிடித்தேன். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. பழனியிலிருந்து ஆயக்குடி போய்ச் சேருவதற்குள் கீழ்நாட்டு வெயில் ஏறிவிட்டது. மலையில் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மண்டிக்குள் நுழைந்தேன்.

மண்டிக்காரர் பெட்டி பெட்டியாகக் கொய்யா ஏற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். "பிள்ளைங்க பரிச்சைக்கா?" என்றவர், ஏணி வைத்து அவரே பரணில் ஏறி அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே கையேடு இருந்தது. சிடி வைக்கிற உறை மூன்று இருந்தது. மூன்றும் காலி.

"இதுலதான இருந்துச்சு?" என்று வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி வெளியே வந்து உறையைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அது தோப்புல தொங்கிக்கிட்டுல்ல கெடக்கு! கிளி அடிக்குதுன்னு வீட்டுல இருந்த தட்டு அம்புட்டையும் நூல்ல கோத்துக் கட்டிவிட்டேன். போன வருசந்தான்."

வெயிலில் சிடி மினுங்கினால் கிளி கிட்டே வராது. எனக்கு அது புதிதில்லை. எங்கள் ஊரான பள்ளங்கிப் பக்கமும் தோட்டத்தில் கட்டுவார்கள்.

"நல்லா நெனப்பு வச்சுச் சொல்லுங்கக்கா. கம்பெனி பேரு அச்சடிச்சிருக்குமே, அந்தத் தட்டா? இல்ல, கடையில வெறும் தட்டு வாங்கி எழுதுனதா?"

"பேரு போட்டதுதான். ஊதாக் கலரு."

அது ஒரு நம்பிக்கை. வீட்டில் எழுதுகிற சிடி வெயிலில் நாலைந்து மாதத்தில் வெளுத்து ஒன்றுமில்லாமல் போய்விடும். கம்பெனி அச்சில் வார்த்தது அப்படியில்லை. அதன் எழுத்தே பிளாஸ்டிக்கில் பதிந்த பள்ளம். கீறல் விழாமல் இருந்தால் தாங்கும்.

அந்த அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு தோப்புக்கு வந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு வரிசையாக நடந்தோம். கல்யாண வீடியோ, சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிற சிடி. ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கழுத்து வலித்தது. முதல் ஊதாத் தட்டைக் கிணற்றுக்குப் பக்கத்தில் அக்காதான் கண்டுபிடித்தார். இரண்டு என்று எழுதியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒன்று கிடைத்தது. மூன்றைக் காணோம். தோப்பை முழுக்க இரண்டு சுற்று சுற்றிவிட்டோம்.

"இருங்க, பக்கத்துத் தோப்புக்காரி நாலஞ்சு கேட்டு வாங்கிட்டுப் போனா" என்று வேலியைத் தாண்டினார். அங்கே கடைசி வரிசையில் கிளையோடு உரசிக்கொண்டு தொங்கியது மூன்றாவது. அடிப்பக்கம் முழுக்கக் கோடு கோடாக இருந்தது.

மூன்றையும் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினேன். கிளம்பும்போது அக்கா ஒரு பை நிறையக் கொய்யா கொடுத்து, "வெரசா முடிங்க, பரிச்ச வந்துரும்" என்றார்.

முதல் இரண்டையும், கழுவித் துடைத்த பிறகு, முழுதாகப் படிக்க முடிந்தது. மூன்றாவது முக்கால்வாசிக்கு மேல் நகரவில்லை. பற்பசையை மென்துணியில் தொட்டு நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெதுவாகத் தேய்த்தேன். கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. படிக்க முடிந்ததை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, விட்டுப்போன இடங்களுக்கு மட்டும் திரும்பத் திரும்பப் போகிற மென்பொருள் ஒன்று உண்டு. அதைப் போட்டேன். ஒரு சிடி டிரைவ் படிக்காததை இன்னொன்று படிக்கும். கடையில் கழித்துப் போட்டிருந்த டிரைவ்களை எல்லாம் எடுத்துத் தூசி தட்டி ஒவ்வொன்றாக மாட்டினேன். கடைக்கு வந்தவர்கள் என் மேஜையைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஆஸ்பத்திரி வச்சிருக்கீங்களா?" என்றார்கள். காலையில் ஓட விட்டால் மதியம் ஒரு கையளவு முன்னேற்றம். கரண்ட் போனால் விட்டுப்போன இடங்களை மறுபடி முதலிலிருந்து பார்க்கும். இப்படி ஐந்து நாள். விட்டுப்போன துண்டுகள் நூறு, நாற்பது, ஒன்பது என்று குறைந்து, ஒன்பதில் அசையாமல் நின்றது.

அன்றைக்கு எனக்குச் சலிப்பு தட்டியது உண்மை. கடையை அரை நாள் பூட்டிவிட்டு, பழைய சாமான் எடுக்கிறவரின் குடோனுக்குப் போய்க் குவியலில் உட்கார்ந்து மூன்று டிரைவ் பொறுக்கி எடுத்தேன். இரண்டு பயனில்லை. மூன்றாவது, மஞ்சள் ஏறிய ஒரு தடித்த டிரைவ், சிடியை உறுமி உறுமிச் சுற்றி ஒன்பதையும் படித்துக் கொடுத்தது. திரையில் பூஜ்யம் விழுந்ததும் நான் கை தட்டிவிட்டேன். எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த சிடிகளிலிருந்து விண்டோஸையும், அதன் மேல் பிரெய்ல் மென்பொருளையும் ஏற்றி, மாசி பிறந்து நாலாம் நாள் பெட்டியைப் பண்ணைக்காட்டுக்கு எடுத்துப் போனேன். கேபிளை எல்லாம் மாட்டி முடித்த பிறகு, ஆன் செய்வதற்கு முன், டீச்சரிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அறிவிப்பு வந்ததையும் நான் அழுத்திவிட்டுப் போனதையும், ஒன்றும் மறைக்காமல்.

டீச்சர் முகத்தில் கோபம் வந்தது. நான் எதிர்பார்த்ததுதான். "ஒரு மாசமா இந்தப் பிள்ளைக ஒரே ஒரு புத்தகத்த வச்சு ஆறு பேரும் மாத்தி மாத்திப் படிக்குதுங்க. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் டீச்சர்."

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருந்தா, காலி சிடிய நானே வாங்கி வச்சுட்டு உங்கள மறுநா வரச் சொல்லிருப்பேன்ல? சொல்லாமப் போனதுதாம்மா தப்பு." பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, போடுங்க. பாப்போம்."

பூட்டுக் கட்டையை மென்பொருள் அடையாளம் கண்டது. சமூக அறிவியல் முதல் பாடத்தைத் திறந்து அச்சுக்குக் கொடுத்தேன். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இயந்திரம் சடசடவென்று அடிக்கத் தொடங்கியது. சத்தம் கேட்டு வராந்தாவில் பிள்ளைகள் ஓடி வருவது கேட்டது. முதல் தாள் வெளியே வந்ததும் டீச்சர் கிழித்தெடுத்து இரண்டு கையாலும் வருடிப் படித்தார். பாதித் தாளுக்கு வந்ததும் நின்றார்.

"இங்க ஒரு எழுத்து தப்பா இருக்கு. இது நான் தட்டுனது" என்று சிரித்தார்.

அன்றைக்கு நான் கிளம்பவில்லை. புது டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து இரண்டாவது டிஸ்க் ஒன்று தயார் செய்தேன். ரெகவரி சிடிகளையும் இரண்டு செட் எழுதினேன். டீச்சர் ஒவ்வொரு உறையிலும் பிரெய்லில் குத்திப் பெயர் போட்டு, ஒரு செட்டைத் தன் அலமாரியிலும் மற்றதைச் சமையலறை டிரங்குப் பெட்டியிலும் வைத்தார். "ஒரே எடத்துல வச்சா ஒரே நாள்ல போயிரும்" என்றார்.

அடுத்து இன்னொரு வேலையையும் அவரேதான் தொடங்கி வைத்தார். பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்த மென்பொருளும் படிக்கிற சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமிப்பது. அச்சு ஓடுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் போய் உட்கார்ந்தேன். அவர் பாடத்தின் பெயரைச் சொல்வார், நான் திறந்து மாற்றிக் கொடுப்பேன், கம்ப்யூட்டர் வாசிப்பதை அவர் கேட்டுச் சரிபார்ப்பார்.

பங்குனியில் ஆறு பிள்ளைகளும் தேர்வு எழுதினார்கள். ஆறு பேரிடமும் ஐந்து பாடத்துக்கும் சொந்தப் புத்தகம் இருந்தது. ஐந்து பேர் தேறினார்கள். கணக்கில் தவறிய பெண் ஆடி மாதத்தில் மறுபடி எழுதித் தேறினாள். அவளுக்கான மாதிரி வினாத்தாள்களை அதே பெட்டிதான் அடித்துக் கொடுத்தது. கோப்புகளில் எட்டாம் வகுப்பு வரை மாற்றி முடித்துவிட்டோம். இன்னும் இரண்டு வகுப்பு பாக்கி இருக்கிறது.