மரியா இல்லாத பாட்டு

போன வாரம் வெள்ளிக்கிழமை காலை ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சூசையின் மனைவி மரியம்மாளின் தம்பி வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. "நாலு நாளாக் காய்ச்சல் அண்ணாச்சி. இன்னைக்கு விடியக்கால மச்சான் தவறிட்டாவ" என்றார். பாதியில் நின்ற வரியை அடித்து முடித்துவிட்டுத்தான் நான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. பிறகு அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் அந்த வரி முழுக்கத் தப்பு.

சூசையைச் சங்கு குளிக்கிறவர் என்று இந்தத் தூத்துக்குடியில் ஆயிரம் பேருக்குத் தெரிந்திருக்கும். நான் எழுதுவது அவரைப் பாட்டுக் கேட்கிறவர் என்று அறிந்த உங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் வீட்டு முன்னறையில் வந்து கூடி, கிராமபோன் பெட்டிக்கு முறை வைத்துச் சாவி கொடுத்த நாலைந்து பேருக்கு. பெட்டி என்னுடையது. பிளேட்டுகளில் பாதி, கொழும்புக்கு வியாபாரமாகப் போய்வரும் காயல்பட்டினத்துச் சாகுல் காக்கா கொண்டுவந்தவை. ஆனால் அந்த அறையின் சட்டம் சூசை போட்டது.

சட்டம் இதுதான். பாட்டு ஓடும்போது யாரும் பேசக்கூடாது. முடிந்த பிறகு ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த இடம் எது என்று சொல்லவேண்டும். முதல் நாள் நான் ஒரு கச்சேரிப் பாட்டைப் போட்டுவிட்டு, "அருமையாக இருந்தது" என்றேன். சூசை விடவில்லை. "நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்லுவாவ அண்ணாச்சி. எந்த இடம்னு சொல்லுங்க. இடம் சொல்லலன்னா நீங்க கேக்கல." எனக்குக் கோபம் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர், அதுவும் என் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, எனக்குச் சங்கீதம் கேட்கச் சொல்லித்தருவதா என்று நினைத்தேன். ஆனால் சொல்ல ஓர் இடமும் எனக்குத் தோன்றவில்லை என்பதும் உண்மை.

அந்தக் காலத்தில் எனக்கு ஆட்டப்பாட்டு என்றாலே இளக்காரம். காக்கா கொழும்பிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக்காரப் பாட்டுகளும், கொட்டோடு குதிக்கிற சிங்களப் பாட்டுகளும் ஓடும்போது நான் வேண்டுமென்றே தினசரித்தாளை விரித்துக்கொள்வேன். ஒருநாள் பாட்டு முடிந்ததும் சூசை என்னிடம் திரும்பினார். "அண்ணாச்சிக்கு எந்த இடம்?" நான் கவனிக்கவில்லை என்றேன். "ரெண்டாவது தடவ கொட்டு வரும்போது உங்க காலு ஆடிச்சு. அப்ப அந்த இடந்தான்" என்றார். எல்லாரும் சிரித்தீர்கள். அன்றோடு தினசரித்தாளை மடித்து வைத்தேன்.

அந்தக் கொழும்புப் பிளேட்டுகளில் ஒன்றுதான் சூசையின் உயிர். என்ன மொழி என்று நம்மில் யாருக்கும் தெரியாது. ஓர் ஆண் பாடுகிறான், அவ்வப்போது 'மரியா, மரியா' என்று நீட்டிக் கூப்பிடுகிறான். முதல்தடவை அது ஓடியபோது சூசை சட்டென்று எழுந்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெற்றியிலும் மார்பிலும் குருசு போட்டுக்கொண்டார். பாட்டு முடியும்வரை உட்காரவே இல்லை. காக்காவுக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. "ஓய் சூசை, அவன் மாதாவக் கூப்பிடல. ஆட வாரியான்னு ஒரு குமரிப்பிள்ளையக் கூப்பிடுதான்" என்றார். சூசை அசரவில்லை. "யாரக் கூப்பிட்டா என்ன காக்கா, பேரு மாதாவோட பேருதான" என்றார். அடுத்த வாரம் மனைவி மரியம்மாளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ஏளா, கேளு. கொழும்புல இருந்து ஒருத்தன் ஒன்னக் கூப்பிடுதான்." அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆனால் அதற்குப்பிறகு அந்தப் பிளேட்டுப் போடுகிற நாளில் வராமல் இருந்தது அபூர்வம்.

சங்கு குளிக்கிறவர்களுக்குக் காது போவது புதிதல்ல. ஆழத்தில் தண்ணீர் காதை அழுத்தும், இரத்தம் வரும், ஆறும், திரும்பவும் வரும். சூசைக்கு அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. வள்ளத்திலிருந்து கூப்பிடுவது கேட்கவில்லை என்று ஆனதும் கடலை விட்டுவிட்டு, கரையில் தோணிகளுக்குப் பாய் தைக்கிற வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் விடவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் வலது உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். "காதுக்கு வராதது கைக்கு வருது அண்ணாச்சி" என்பார். மரியா பிளேட்டு ஓடும்போது அவர் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் அதைப் போட்டதுண்டு.

அந்தப் பிளேட்டை உடைத்தவன் நான். ஒரு சனிக்கிழமை தூசி துடைக்கிறேன் என்று உறையிலிருந்து உருவினேன். கை நழுவிக் கீழே விழுந்து இரண்டாகப் பிளந்தது. உலகச் சண்டை நடந்த காலம். புதுப் பிளேட்டு இங்கே கிடைப்பது குதிரைக்கொம்பு. பிறகு கொழும்பில் காக்கா தேடாத கடையில்லை, அங்கும் இல்லை. உடைந்த மறுநாளே சூசை வந்து உட்கார்ந்து, "மரியாவப் போடுங்க" என்றார். உடைந்ததைச் சொல்லாமல், கொட்டு ஏறக்குறைய அப்படியே போகிற வேறொரு ஆட்டப்பாட்டை எடுத்துப் போட்டேன். பாட்டு மாறியது உங்களுக்கெல்லாம் தெரிந்தது, எனக்காகக் காட்டிக்கொடுக்காமல் இருந்தீர்கள். அவர் கையை வைத்தார், கண்ணை மூடினார். நல்ல காலம், மரியம்மாள் அன்று வரவில்லை. பாட்டு முடிந்ததும், வழக்கம்போல, எந்த இடம் என்று கேட்டார். "மரியான்னு கூப்பிடுத இடம்" என்று அவர் காதருகே கத்தினேன். சற்றுநேரம் என்னையே பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

காக்கா என்னை வாசலில் பிடித்துக்கொண்டார். "அல்லாவுக்காவச் சொல்லிருங்க. பாட்டு போனாப் போவுது, அந்த மனுசன ஏமாத்தாதீங்க." அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம் என்று மூன்று வருடம் ஓடிவிட்டது. அத்தனை ஞாயிறும் அவர் மரியாவைக் கேட்டார், நான் மரியா இல்லாததைப் போட்டேன். மரியம்மாள் பிறகு வரவே இல்லை. வீட்டு வேலை என்று சூசை சொல்வார். நல்லதாயிற்று என்று நான் நினைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அடக்கத்தன்று எனக்கு அழக்கூட உரிமையில்லை என்று பட்டது. ஏழாம் நாள் பூசை முடிந்து, கூட்டம் கலைந்தபிறகு மரியம்மாளிடம் போய் நின்றேன். பிளேட்டை உடைத்ததையும், மாற்றிப் போட்டதையும், சொல்லாமல் விட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி" என்றார் அவர். "மொத நாளே வந்து சொல்லிட்டாவ. இது மரியா இல்ல, வேற பாட்டு, அண்ணாச்சி ஒடச்சிட்டாரு போலன்னு."

"பிறகு ஏன் என்னிடம் கேட்கவில்லை?"

"நானும் அதத்தான் கேட்டேன். கேட்டா அந்த மனுசன் வெக்கப்பட்டுக்கிட்டு பெட்டியப் பூட்டி வச்சிருவாரு, பெறகு ஞாயித்துக்கெழம நான் எங்க போவேன்னாவ. நீ வந்தா ஒன் மூஞ்சி காட்டிக் குடுத்துரும், வராதன்னுட்டாவ." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னார். "அதுவும் நல்ல பாட்டுதானாம். கடேசில கொட்டு சுத்தமா நின்னுட்டு, ஒரு மூச்சு கழிச்சுத் திரும்ப வருதாமே? அந்த இடம் ரொம்பப் புடிக்கும்னாவ. ஒங்ககிட்டச் சொல்லத்தான் வழியில்லன்னு வருத்தப்படுவாவ."

வீட்டுக்கு வந்து பெட்டிக்குச் சாவி கொடுத்தேன். மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் ஓட்டிய பாட்டு அது. ஒரு தடவைகூட நான் அதைக் கேட்டதில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறேன். அன்று கேட்டேன். அவர் சொன்ன இடம் இருக்கிறது. கொட்டு நிற்கிறது, அறையில் ஊசி உரசுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, பிறகு எல்லாம் சேர்ந்து வருகிறது.

சூசையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இடம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன்.