ஞானஸ்நானம் பெறாத மகன்

எங்கள் முதல் பிள்ளை பிறக்கும்போதே மூச்சில்லாமல் பிறந்தான். ஞானஸ்நானம் கொடுக்க வழியில்லை.

என் கணவர் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். சுவாமியார் வர முடியாத ஞாயிறுகளில் செபம் சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான். பிள்ளையை அடக்கம் செய்த பிறகு, அவன் எங்கே போனான் என்ற கேள்வி அவரை விடவில்லை. சுவாமியாரிடம் ஆதித் திருச்சபை பற்றிய புத்தகங்களை வாங்கி வந்து வாசித்தார். ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன் ஆப்பிரிக்கக் கரையில் இருந்த ஓர் ஆயரின் எழுத்தில் போய் அகப்பட்டுக்கொண்டார். மீட்படைகிறவர்களை உலகம் உண்டாகுமுன்பே கடவுள் தெரிந்துகொண்டார் என்றும், ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் சிசுவும் தண்டனைக்குத் தப்பாது என்றும் அந்த ஆயர் எழுதியிருந்தாராம். நன்மையைத் தெரிந்தெடுக்க மனிதனுக்குச் சுதந்திரமும் பலமும் உண்டென்று அவரோடு வாதாடிய துறவியைத் திருச்சபை தள்ளிவைத்ததாம்.

அதோடு என் கணவர் செபம் சொல்வதை நிறுத்திவிட்டார். கூரை ஒழுகுகிறது என்றாலும், காய்ச்சலுக்குக் கசாயம் குடியுங்கள் என்றாலும் ஒரே பதில்தான்.

“எல்லாம் முன்னமே முடிவு செஞ்சாச்சுகா. நாம என்ன செய்யிற?”

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. என் பிள்ளையை ஒரு புத்தகம் நரகத்துக்கு அனுப்புவதை நான் ஏற்கவில்லை.

அடுத்த மாரியில் ஒரு காலைப்பொழுது, வயல் செய்யும் பக்கத்து வளவுக் கமக்காரர் ஓடி வந்தார். மனைவிக்குப் பிரசவ நோவு. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் முடியாது என்று மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு வாவியைக் கடந்து புளியந்தீவுக்குப் போக வேண்டும்; வெள்ளத்தில் துறைத்தோணி ஓடவில்லை. பள்ளிக்கூடத் தோணிதான் இருந்தது. அதன் இரண்டு சவள் துடுப்பையும் வலிக்க இன்னொருவர் வேண்டும்.

நான் கணவரின் முகத்தைப் பார்த்தேன். வழமையான பதிலைச் சொல்லப்போகிறார் என்று பயந்தேன். அவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தோணியை நோக்கி நடந்தார்.

அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஏறினேன். நடு வாவியில் வாடைக்காற்று தோணியைத் தெற்கே தள்ளிக்கொண்டு போனது. அலை உள்ளே அடித்தது; நான் சிரட்டையால் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் முனகுவதையும் நிறுத்திவிட்டாள். கமக்காரருக்குக் கை ஓய்ந்தது.

“விடுங்க வாத்தியார். விதிச்சதுதான் நடக்கும்” என்றார்.

ஒரு வருடமாக என் கணவர் என்னிடம் சொல்லி வந்ததும் அதுதான்.

“என்ன விதிச்சிரிக்கெண்டு எனக்குத் தெரியா, உனக்கும் தெரியா” என்றார் என் கணவர். “நீ சவள விடாத. வலி.”

இருவரும் வலித்தார்கள். புளியந்தீவுக் கரையில் இறங்கியபோது அவருடைய உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. மாலைக்குள் ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் பிழைத்தாள். வாசலில் நின்ற கமக்காரர் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவரும் அழுதார்; எங்கள் பிள்ளைக்காக அவர் அழுததை நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் நாங்கள் சுவாமியாரிடம் போனோம். என் கணவர் கேட்கத் தயங்கியதை நானே கேட்டேன்.

“எங்கட பிள்ளை எங்க, சுவாமி?”

சுவாமியார் தனக்குத் தெரியாது என்றார். அந்த ஆயரும் தன் ஒரே மகனை இளவயதில் பறிகொடுத்தவர் என்றார். அவர் எழுதிய எல்லாவற்றையும் திருச்சபை அப்படியே ஏற்கவில்லையாம். கிழக்குத் தேசத்து ஆசிரியர்கள் சிசுக்களைப் பற்றி அவ்வளவு கடுமையாகப் பேசவில்லையாம். எல்லாம் கடவுளின் தெரிவு என்று எழுதிய அதே ஆயர், மனந்திரும்புங்கள் என்று சாகும்வரை சனங்களுக்குப் பிரசங்கம் செய்துகொண்டுதான் இருந்தாராம்.

“கடவுளின் இரக்கத்துக்கு எல்லை போட என்னால் முடியாது, மகளே. அந்த ஆயராலும் முடியாது” என்றார்.

அந்த ஞாயிறு என் கணவர் மறுபடியும் செபம் சொல்லிக்கொடுத்தார்.

பிறகு அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் சண்டையாக இல்லாமல் பேச்சாக இருந்தது. அவர் துறவியின் பக்கம் சாய்ந்தார். நானோ, வேடிக்கைதான், ஆயரின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தேன். எல்லாம் என் பலத்தில்தான் என்றால் நான் எப்போதோ விழுந்திருப்பேன்.

அடுத்த வருடம் நான் மறுபடியும் முழுகாமல் இருந்தேன். பிள்ளை பிறக்குமுன் ஏணை கட்டக்கூடாது என்று அயலில் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. என் பழைய சேலை ஒன்றை எடுத்து, கூரை வளையில் கயிறு போட்டுக் கட்டி, தாங்குமா என்று இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.